இணைய ஆட்டங்களும் இலவச நுழைவும்

நாடக மேடையில் ஒருவர் அரசனாகவோ வேடனாகவோ வேடம் பூண்டு நடிப்பதுண்டு. அதுபோலக் கணினித் திரையில் தோன்றும் கற்பனை உலகொன்றிற் பாத்திரமொன்றை ஏற்று, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ளோருடன் கூடி அலைந்தும் போரிட்டும் வாணிகஞ் செய்தும் ஆடும் ஆட்டங்கள் சென்ற நூற்றாண்டின் இறுதியிலே பரவலாயின. 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த அல்ரிமா ஒன்லைன், 1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ற் ஆகியன இவ்வகைக்கு வழிகாட்டிகள் எனலாம். இவற்றிற்கும் சதுரங்கம் முதலிய ஆட்டங்களுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சதுரங்கக் காய்களைப் பெட்டியில் இட்டதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இவ்வுலகங்களோ ஆடுபவர் உறங்கும் வேளையிலும் இயங்கிக்கொண்டேயிருப்பவை. அவற்றைத் தாங்கும் கணினிகள் இரவுபகலாக ஓடவேண்டும். பழுது பார்க்கவும் புதிய நிலப்பகுதிகளை அமைக்கவும் ஆட்கள் வேண்டும். ஆதலின், ஆட்டத்தை விலைகொடுத்து வாங்கியவரும் மாதந்தோறும் சந்தா செலுத்தும் வழக்கம் ஏற்பட்டது. ஆரம்பத்தில் ஏறக்குறைய 10 டொலராயிருந்த இச்சந்தா, 2004இல் வேர்ள்ட் ஒவ் வோர்கிராஃப்ற் வெளிவந்த காலத்தில் 15 டொலரளவில் நிலைபெற்றது. 2010இல் அவ்வொரே ஆட்டத்திற்கு 1 கோடியே 20 இலட்சம் சந்தாதாரர் இருந்தனர்.

ஏனைய கொம்பனிகளின் இடர் இங்கேதான் தொடங்கிற்று. ஒருவர் இரண்டு புதினத்தாள்களுக்குச் சந்தா கட்டுதல் கூடும்; இரண்டு கற்பனை உலகங்களுக்குக் கட்டுதல் அரிது. பணத்தினும் நேரமே அதற்குத் தடை. இவ்வாறு ஆட்களை இழந்த கொம்பனிகளுள் டேர்பைன் என்பதும் ஒன்று. அது 2006இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஒன்லைன் என்னும் ஆட்டம் நலிவுற்றதைக் கண்டு, 2009 செப்ரெம்பரில் அதன் வாயிற்கதவைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. கூட்டம் திரும்பியது, வருவாயும் பெருகியது. இதைக் கண்ட டேர்பைன், ஆங்கில எழுத்தாளர் ரொல்கீனின் கதையுலகை ஆதாரமாகக் கொண்டு 2007 ஏப்ரிலில் வெளியிட்ட லோர்ட் ஒவ் த றிங்ஸ் ஒன்லைன் என்னும் ஆட்டத்தையும் 2010 செப்ரெம்பரில் வட அமெரிக்காவில் அவ்வாறே திறந்தது. சில மாதங்களில் அதன் வருவாய் மும்மடங்காயிற்று என அக்கொம்பனி அறிவித்தது.

வாங்கும் கட்டணத்தை விட்டுவிட்டால் வருவாய் எங்ஙனம் பெருகும் என்று கேட்கத் தோன்றும். கணினிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க, மேலும் ஒருவர் உள்ளே வருவதால் ஏற்படும் செலவு மிகச் சொற்பம். வருபவர்களிற் பெரும்பாலார் ஒரு சதமேனும் கொடாது போகலாம். எனினும் அவர்கள் உலகை நிரப்புகின்றனர். ஆளரவமற்ற கோட்டையை முற்றுகையிட எவர் பணங் கொடுப்பார்? கொடாதவர்களின் கூட்டமே கொடுப்பவர்களுக்கு வேண்டிய காட்சியாகிவிடுகின்றது. மேலும், மாதம் 15 டொலருக்கு மேற் கொடுக்க மனமுள்ளவரிடமும் பழைய முறையில் அவ்வளவே பெற முடிந்தது. புதிய முறையில் அவர் 100 டொலர் கொடுக்க விரும்பினும் அதற்கு ஒரு கடை உண்டு. இவ்வுபாயம் அமெரிக்கர் கண்டதன்று. தென்கொரியாவின் நெக்சன் போன்ற கொம்பனிகள் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நுழைவை இலவசமாக்கி, பாத்திரங்களுக்குரிய உடை, அணி முதலியவற்றை விற்றுப் பொருளீட்டி வந்தன.

ரொல்கீனின் உலகில் இம்மாற்றம் எவ்வாறு புகுந்ததென்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். சந்தா செலுத்துவோர், எப்போதாவது ஏதேனும் வாங்கியோர், யாதும் வாங்காதோர் என ஆடுவோர் மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். யாதும் வாங்காதவருக்குப் பொருள் சுமக்கும் பைகள் குறைவாயிருந்தன; அவர் வைத்திருக்கக்கூடிய பொற்காசுகளுக்கும் வரம்பு இருந்தது. குதிரையேறும் திறனையும் கடையிலேயே வாங்கவேண்டியிருந்தது. ஷயர், பிறீ முதலிய தொடக்க நிலங்களில் எல்லோருக்கும் பணிகள் இருந்தன. அவற்றைக் கடந்து செல்வோரை எவரும் தடுக்கவில்லை. காடும் மலையும் திறந்தே கிடந்தன. ஆனால் அங்குள்ள மாந்தர் ஒப்படைக்கும் பணிகளை ஏற்க, அப்பகுதிக்குரிய பணித்தொகுதியை விலைக்குப் பெறவேண்டியிருந்தது. ஊருக்குள் விட்டு, ஊரார் வாயை மட்டும் பூட்டிவைத்தாற் போன்றது இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குறித்த எண்ணிக்கையான ஓநாய்களைக் கொல்லுதல், பாழடைந்த இடங்களைத் தேடிக் காணுதல் முதலிய செயல்களை முடித்தவருக்குக் கடையிற் செலவிடத்தக்க புள்ளிகள் சில வழங்கப்பட்டன. பொறுமையுடையவர் ஐந்தும் பத்துமாகச் சேர்த்து, தம் பணம் கொடாமலே அடுத்த நிலத்தைப் பெறலாம். மாதச் சந்தா கட்ட இயலாத மாணவர்க்கும் வேலையற்றோர்க்கும் இது மெய்யாகவே ஒரு வாயிலைத் திறந்தது. முன்னைய முறையில் அவர்களுக்கு வாயிலே இருந்ததில்லை. பழைய முறையைப் புகழ்வோர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

2007 முதல் சந்தா செலுத்தி ஆடிவந்த ஒருவரின் நிலை வேறு. ஆட்டம் வெளிவருமுன்னரே 199 டொலர் கொடுத்து ஆயுட்சந்தா பெற்றோரும் இருந்தனர். அவர்கள் சலுகைகள் ஒன்றையும் இழக்கவில்லை. முதல் வகையிலேயே வைக்கப்பட்டனர். அங்ஙனமாயின் அவர்களுள் பலருக்கு ஏற்பட்ட மனக்குறை யாது? சந்தா என்பது நுழைவுக்கு மாத்திரமன்றி வேறொன்றிற்கும் விலையாயிருந்தது. அதனைக் கொடுத்தபின் அவ்வுலகினுள் எவரும் காசு கேட்கமாட்டார். செல்வரும் எளியவரும் உள்ளே ஒரே அளவில் நின்றனர். ஒருவரின் குதிரையைக் கண்டால் அவர் அதற்கு உழைத்தார் என்பது விளங்கும். கடை வந்தபின் அவ்வடையாளம் பொருளிழந்தது. ஆற்றலைச் சிறிது கூட்டும் ஏடுகளும் விற்பனைக்கு வந்தன. திரையின் ஒரு மூலையிற் கடைக்குரிய பொத்தான் எந்நேரமும் ஒளிர்ந்தது. கூத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் கச்சான் விற்பவர் முன்வரிசையில் ஏறி நிற்பதை ஒத்தது இது.

ஆட்டத்தை அமைப்போரின் சிந்தனையும் இதனால் மாறுகின்றது. சந்தாக் காலத்தில் அவர்கள் முன் நின்ற வினா, அடுத்த மாதமும் இவர் தங்கியிருக்க என்ன செய்யலாம் என்பது. அவ்வினாவும் தூயதன்று, ஒரு நாளில் முடியும் வேலையை ஒரு மாதமாக நீட்டிய கொடுமை சந்தா ஆட்டங்களில் நிறைய உண்டு. கடைக் காலத்திலோ, எவ்விடத்திற் சலிப்பு ஏற்பட்டால் இவர் பணப்பையைத் திறப்பார் என்பதே வினாவாகின்றது. நடையைக் கடினமாக்கிக் குதிரையை விற்பதும், பையைச் சிறிதாக்கிப் பையை விற்பதும் அதன் விடைகள். இரண்டனுள் பின்னையதே மோசமானது. ஏனெனில் அங்கே குறைபாடுதான் விற்பனைப் பொருள். 2012 நவம்பரில் இலவசமாக்கப்பட்ட ஸ்ரார் வோர்ஸ் ஆட்டத்தில், வித்தைகளை ஏவும் பொத்தான்களின் வரிசைகளையே குறைத்துவைத்து மேலதிக வரிசைகளை விற்றமை இப்போக்கின் எல்லை எனலாம்.

பூட்டிய பேழைகளின் கதை இதனினும் கவலைக்குரியது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே திறவுகோலுக்குப் பணங் கொடுப்பது சூதினின்று எவ்வாறு வேறுபடும்? 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, பணத்திற்கு விற்கப்படும் இத்தகைய பேழைகள் சில அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்திற்கு மாறானவை எனத் தீர்மானித்தது. இவ்வாட்டங்களைச் சிறுவரும் ஆடுகின்றனர் என்பதை நினைத்தால், இதை வெறும் வியாபாரத் தந்திரமென ஒதுக்கிவிட இயலாது.

கட்டணத்தை நீக்குதல் எல்லா ஆட்டங்களையும் காத்துவிடவுமில்லை. 2014இல் வெளிவந்த வைல்ட்ஸ்ரார் 2015இல் இலவசமாகி, 2018இல் மூடப்பட்டது. 2011இல் இலவசமாக்கப்பட்ட சிற்றி ஒவ் ஹீரோஸ் அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்டது. அங்கே எட்டாண்டுகளாகப் பேணப்பட்ட பாத்திரங்களும் உடன் மறைந்தன. மறுபுறம், ஜப்பானிய ஆட்டமாகிய ஃபைனல் ஃபன்ரசி பதினான்கு, முதலில் தோல்வியுற்று 2013இல் மீண்டும் வெளிவந்தபோது, ஏனையோர் கைவிட்டுக்கொண்டிருந்த சந்தாவையே கைக்கொண்டு செழித்தது. தொடக்கப் பகுதிகளை இலவசமாக ஆடிப்பார்க்க இடமளித்து, அப்பால் சந்தா பெறும் அதன் முறை, ஏழை மாணவருக்கும் பழைய சந்தாதாரருக்கும் ஓரளவு ஒருங்கே நியாயஞ் செய்கின்றது.

ரொல்கீனின் உலகை 2016இன் இறுதியிலிருந்து ஸ்ராண்டிங் ஸ்ரோன் கேம்ஸ் என்னும் நிறுவனம் நடத்தி வருகின்றது. 2022இல், ஆட்டத்தின் 15ஆம் ஆண்டு நிறைவையொட்டி, மோரியாச் சுரங்கங்கள் உட்படப் பழைய பகுதிகள் பலவற்றின் பணிகளை அது எல்லோருக்கும் இலவசமாக்கியது. ஒரு காலத்தில் ஓநாய்களைக் கொன்று புள்ளி சேர்த்து வாங்கிய நிலங்களிற் புதியவர்கள் இப்போது பணி கேட்டு நடக்கின்றனர். திரையிலே கடைப் பொத்தானும் இருந்த இடத்திலேயே இருக்கின்றது.