குறி தப்பிய வேலும் பிழைத்த உயிரும்

ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துக் காட்டுவது எழுத்துப் பிழை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வரும் மருத்துவர், காத்திருக்கும் உறவினர்களிடம் "பிழைத்துக்கொண்டார்" என்கிறார். ஒரே சொல் ஓரிடத்தில் குற்றமாகவும் இன்னோரிடத்தில் உயிராகவும் நிற்கிறது. ஆங்கிலத்தின் 'சர்வைவல்' என்ற சொல்லுக்கு நம் பேச்சில் நெடுங்காலமாக இருக்கும் இணை இந்தப் 'பிழைத்தல்'தான். இரண்டு சொற்களின் வேரையும் தேடிப் போனால் ஓர் உண்மை தட்டுப்படுகிறது: உயிரோடு மிஞ்சுவது வலிமைக்குக் கிடைக்கும் பரிசு என்று இன்று பலரும் நம்புகிறோமே, அதற்கு இரண்டு மொழியின் வேரிலும் இடமில்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். அதன் மூலம் லத்தீனின் 'சூப்பர்விவெரே'. நல்ல படத்தைப் பார்த்துவிட்டு நாம் சொல்லும் 'சூப்பர்' அதே முன்னொட்டுதான். 'மேலே', 'அப்பால்' என்பது அதன் பொருள். 'விவெரே' என்றால் வாழ்தல். சமஸ்கிருதத்தின் 'ஜீவ' என்பதும் அதுவும் ஒரே மூலத்தில் கிளைத்தவை என்பது மொழியியலாளர் முடிவு. ஆக, சொல்லின் பொருள் 'அப்பாலும் வாழ்தல்'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'சர்வைவல்' என்ற வடிவம் எழுந்தது. அந்தப் பழைய பொருள் இன்றும் மாறாமல் இருப்பதைக் காண வங்கிக்குப் போனால் போதும். கணவனும் மனைவியும் கூட்டாகத் தொடங்கும் 'ஈதர் ஆர் சர்வைவர்' கணக்கில், சர்வைவர் என்பவர் மற்றவர் இறந்த பின்னும் உயிரோடு இருப்பவர். அவர் யாரையும் வென்றவரல்லர். ஒருவரை இழந்து நிற்பவர்.

வெற்றியின் சாயம் பின்னால்தான் ஏறியது. பரிணாமம் பற்றிய டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூல் 1859இல் வெளிவந்தது. அதைப் படித்த ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், தாம் 1864இல் எழுதிய உயிரியல் நூலில் 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' என்ற தொடரை உருவாக்கினார். சக இயற்கை அறிஞர் வாலஸ் வற்புறுத்த, டார்வினும் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல், அதை ஏற்றுக்கொண்டார். அங்கே 'ஃபிட்' என்பதற்குச் சூழலோடு பொருந்துவது என்றே பொருள். உடல் வலு என்றோ உயர்ந்த குணம் என்றோ பொருளில்லை. ஆனால் தொடர் தெருவுக்கு வந்ததும் பொருள் திரிந்தது. தமிழிலும் அதை 'வல்லவன் வாழ்வான்' என்று சொல்லிப் பழகினோம். ஏழைகளுக்கு அரசு கைகொடுப்பதை எதிர்த்தவர் ஸ்பென்சர். அவர் தொடரை எடுத்துக்கொண்ட பலர், மிஞ்சியவனே தகுதியானவன், மடிந்தவன் மடிய வேண்டியவன் என்ற கொடிய தீர்ப்பு வரைக்கும் போனார்கள்.

தமிழ்ச் சொல் வேறொரு காட்சியைக் காட்டுகிறது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில், யானையின் மேல் எறிந்து குறி தப்பிய வேலைச் சொல்ல வள்ளுவர் ஆளும் சொல் 'பிழைத்த' என்பதே. வேல் பிழைத்தால் யானை பிழைக்கும். எறிந்தவனுக்குப் பிழையாகப் போனது, குறியாக நின்ற உயிருக்குப் பிழைப்பாகிறது. இரண்டும் வெவ்வேறு சொற்களாக இருந்து ஒலியில் மட்டும் ஒத்துப்போயிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் 'தப்பு' என்ற சொல்லிலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது: தப்பு செய்தான், தப்பித்தான். கன்னடத்திலும் தெலுங்கிலும்கூட 'தப்பு' என்றால் தவறு; விலகித் தப்புவதற்கான சொல்லும் அதிலிருந்தே பிறக்கிறது. இரண்டு தனித்தனிச் சொற்கள் ஒரே தடத்தில் நடந்திருக்கும்போது அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. எதிர்ப்புறத்தில், இறந்தவரைத் 'தவறிவிட்டார்' என்கிறோம். அடி தவறினால் ஆள் பிழைக்கிறார். அடி தவறாதபோது ஆள் தவறுகிறார்.

சொல்லின் பிறப்பை வைத்து உலகின் இயல்பை நிறுவ முடியாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. சரிதான், அதற்கு நிகழ்வுகள்தான் சாட்சி சொல்ல வேண்டும். 1902 மே 8 அன்று கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் பெலே எரிமலை வெடித்தது. அனல் வாயுவும் சாம்பலும் பாய்ந்து சில நிமிடங்களில் செயின்ட் பியர் நகரத்தை அழித்தன. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டார்கள். நகரில் உயிர் தப்பிய மிகச் சிலரில் ஒருவர் லுட்ஜர் சில்பாரிஸ் என்ற கைதி. அடைபட்டிருந்த அறையின் தடித்த கற்சுவரே அவரைக் காத்தது. கதவிலிருந்த சிறு திறப்பு வழியாகப் புகுந்த அனலில் உடல் வெந்து, நான்கு நாள் கழித்து மீட்கப்பட்டார். மாண்டவர்களில் அவரைவிட வலியவர்கள் எத்தனை பேர், நல்லவர்கள் எத்தனை பேர்! எரிமலை யாரையும் எடைபோடவில்லை. பூட்டிய கதவே அன்று அரணானது.

எல்லாம் நல்லூழ் என்றால் முயற்சிக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே கரையைக் கடந்தபோது இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒடிசா மக்களின் உடல் வலு கூடிவிடவில்லை. முன்னெச்சரிக்கை வந்தது, புயல் காப்பகங்கள் எழுந்தன, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். புயலின் அடியைப் பிழைக்க வைத்தார்கள், மக்கள் பிழைத்தார்கள். முயற்சிக்கு உரிய இடம் அதுதான்: அடி யார்மேலும் விழாதபடி எல்லாருமாகச் செய்யும் ஏற்பாடு.

ஆகவே, நோயிலோ வெள்ளத்திலோ போரிலோ மிஞ்சியவரைக் காணும்போது அவர் வலிமையை மெச்சுவதோடு நின்றுவிடாதீர்கள். அவர் இழந்தவர்களையும் விசாரியுங்கள். மாண்டவர்களைத் தகுதியற்றவர்கள் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. அவர்கள்மேல் வந்த வேல் பிழைக்கவில்லை, அவ்வளவுதான்.