ஆளுக்கு 2,500, காருக்கும் 2,500

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில் பள்ளிக்கூடக் கணக்குப் போல ஒரு எடுத்துக்காட்டு வருகிறது. அமெரிக்கப் படையால் ஒரு கார் அடிபடுகிறது. உள்ளே இருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் இறந்துவிடுகிறார்கள். குடும்பத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்? உயிருக்கு 2,500 டாலர் வீதம் 5,000. காருக்கு 2,500. ஆக மொத்தம் 7,500 டாலர்.

2003 முதல் 2006 வரை இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இந்த வகையில் 2.9 கோடி டாலருக்கு மேல் பட்டுவாடா ஆனது. சாவு, காயம், சொத்துச் சேதம் மூன்றும் சேர்ந்த தொகை அது.

இதை இழப்பீடு என்று ராணுவம் சொல்லாது. ‘இரங்கல் தொகை’ என்றே சொல்லும். பட்டாசு ஆலை வெடித்தால் நம் ஊரில் அறிவிக்கிறார்களே ‘கருணைத்தொகை’, அதற்கு இது அண்ணன் முறை. இழப்பீடு என்றால் கேட்க உரிமை உண்டு. கருணையைக் கேட்டு வழக்குப் போட முடியாது. 1942-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, ராணுவ லாரி மோதி இறந்த வெளிநாட்டவரின் குடும்பம் இழப்பீடு கேட்கலாம். சண்டையில் இறந்தால் அந்தச் சட்டம் செல்லாது.

சரி, எத்தனை பேர்வரை சாகலாம்? கிடைக்கும் ராணுவப் பலனுக்கு மிஞ்சிப் பொதுமக்கள் சாகும்படி தாக்கக் கூடாது என்கிறது ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு இணைப்பு. எண் எதுவும் சொல்லவில்லை. எண்ணை ராணுவமே போட்டுக்கொண்டது. 2003 இராக் போரில் அது 30. அந்த வரம்பைத் தாண்டும் என்று மதிப்பீடு வந்தால் பாதுகாப்பு அமைச்சரின் அனுமதி வேண்டியிருந்தது. 20 பேர் என்றால் அவர்வரை போக வேண்டியிருக்கவில்லை.

விலைப்பட்டியலும் ஒன்றுபோல் இல்லை. 2009 செப்டம்பர் 4 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் ஆற்றங்கரையில், தாலிபான்கள் கடத்திய இரண்டு எரிபொருள் டேங்கர்கள் மணலில் சிக்கி நின்றன. ஊர்க்காரர்கள் எரிபொருள் பிடிக்கக் கூடினார்கள். ஜெர்மன் கர்னல் கேட்க, அமெரிக்க விமானம் 500 பவுண்டு குண்டு இரண்டைப் போட்டது. ஜெர்மனி மறு ஆண்டு குடும்பத்துக்கு 5,000 டாலர் வீதம் 86 குடும்பங்களுக்கு 4,30,000 டாலர் கொடுத்தது. செத்தவர்களும் படுகாயமடைந்தவர்களும் 102 பேர். இழப்பீடு கிடையாது என்று 2016-இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஜெர்மனி நடத்திய விசாரணையில் குறையில்லை என்றது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 2021-இல்.

அதே குந்தூஸ், 2015 அக்டோபர் 3. ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் மருத்துவமனைமேல் அமெரிக்க விமானம் 211 குண்டுகளைச் சுட்டது. 42 பேர் இறந்தார்கள். உயிருக்கு 6,000 டாலர், காயத்துக்கு 3,000. ஆனால் 2012-இல் காந்தஹார் மாகாணத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் ராத்திரியில் வீடு புகுந்து 16 பேரைச் சுட்டுக் கொன்றபோது உயிருக்கு 50,000 கொடுத்தார்கள். வானத்திலிருந்து வந்த சாவு மலிவு, வாசல் வழியாக வந்த சாவு எட்டு மடங்கு அதிகம். உலகம் எவ்வளவு காறித் துப்பியது என்பதை வைத்தே தொகை ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொரு வழியிலும் ஏறும். 2015 ஜனவரியில் அல்காய்தாவிடம் பிணைக்கைதியாக இருந்த இத்தாலியத் தொண்டு ஊழியர் ஒருவர் அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு அமெரிக்கா தந்தது 11,85,000 யூரோ. பாஸ்போர்ட் வேறு, அவ்வளவுதான்.

1999-இல் பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின்மேல் அமெரிக்கக் குண்டு விழுந்தது. இறந்த 3 பேருக்கும் காயமடைந்த 27 பேருக்குமாகச் சேர்த்து 45 லட்சம் டாலர். கட்டடத்துக்கு 2.8 கோடி. இராக்கில் காரும் ஆளும் சரிசமமாகவாவது இருந்தார்கள்.

பணம் கொடுப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பாதித்தவன் போன வீட்டில் அது சில மாதச் சோறு. கொன்றவனே விலையையும் குறித்து, தன்மேல் குற்றமில்லை என்ற தீர்ப்பையும் எழுதிக்கொள்வதுதான் உறுத்துகிறது.

2020-ஆம் ஆண்டுக்கு இந்தக் கணக்கில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது 30 லட்சம் டாலர். அந்த ஆண்டு தன் கையால் இறந்ததாக பென்டகன் ஒப்புக்கொண்ட பொதுமக்கள் 23 பேர். அந்த ஒதுக்கீட்டிலிருந்து கொடுத்தது பூஜ்யம்.