ஒட்டுப் போட்ட மென்பொருளின் சுமை

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரு மென்பொருள், தான் சார்ந்திருக்கும் பிற மென்பொருள்களின் பட்டியலோடு சேர்த்துக் கட்டப்பட்ட 'பொதி'யாகவே கணினியை வந்தடைகிறது. அப்பொதிகளைச் சேமித்து, மின்னணுக் கையொப்பத்துடன் வழங்கும் இடம் களஞ்சியம் எனப்படும். பொதுக் களஞ்சியத்தின் பொதி தம் தேவைக்குப் போதாதபோது நிறுவனங்கள், மூலநிரலில் சில வரிகளை மாற்றும் 'ஒட்டு' என்னும் சிறு கோப்பைச் சேர்த்து அதை மறுபடியும் கட்டித் தமது தனிக் களஞ்சியத்தில் வைத்துக்கொள்வதுண்டு.

ஒட்டுப் போடுவது எளிது. அதை ஆண்டுக்கணக்கில் சுமப்பதே கடினம். எந்தப் பொதி புதியது என்பதைக் கணினி பதிப்பெண்ணைக் கொண்டே முடிவு செய்வதால், உள்ளூர்ப் பொதியின் எண் தாழ்ந்திருந்தால் அடுத்த மேம்படுத்தலில் ஒட்டு சத்தமின்றி மறைந்துவிடும். உயர்ந்திருந்தால், பொதுக் களஞ்சியம் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தம் அந்தக் கணினிக்கு வந்து சேராது. இரண்டாவதே கூடுதல் ஆபத்து, ஏனெனில் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒட்டே பழுதாகிவிடுவதும் உண்டு. மறையாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில், தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகம் படிக்கப்படுவதாக வால்கிரைண்ட் என்னும் பிழைகாண் கருவி எச்சரித்ததை ஒட்டி, லினக்ஸ் இயங்குதளங்களுள் ஒன்றான டெபியன் 2006இல் தன் பொதியில் இரண்டு வரிகளை நீக்கியது. அவற்றுள் ஒன்றுதான், மறையாக்கச் சாவிகளுக்கு அடிப்படையான சீரற்ற எண் உருவாக்கியில் கணிக்க முடியாத தரவுகளைக் கலந்துவந்த வரி. அது போனபின், இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் இடும் அடையாள எண் மட்டுமே வேறுபாட்டுக்கு ஆதாரமாக எஞ்சியது. அதன் வழக்கமான உச்சவரம்பு 32,768 என்பதால், ஒரே வகைக் கணினியில் உருவான, ஒரே வகையும் நீளமும் கொண்ட சாவிகள் ஏறத்தாழ அத்தனை மட்டுமே இருக்க முடிந்தது. அவை அனைத்தையும் முன்கூட்டியே கணித்து வைப்பது சாதாரணக் கணினிக்கும் இயலும் காரியம். நீக்கம் குறித்து மூல உருவாக்குநர்களிடம் வினவப்பட்டிருந்தும், ஒட்டு முழுமையாக அவர்களின் ஆய்வுக்குச் செல்லவில்லை. டெபியனை அடியொற்றிய உபுண்டுவும் அதை அப்படியே ஏற்றது.

டெபியன் உருவாக்குநர் லூசியானோ பெல்லோ கண்டறிந்த இக்குறை 2008 மே 13 அன்று அறிவிக்கப்பட்டது. திருத்திய பொதி உடனே வெளிவந்தபோதிலும், பழைய பொதி உருவாக்கிய சாவிகள் பிற இயங்குதளங்களின் சேவையகங்களிலும் அதற்குள் பதிந்துவிட்டிருந்தன. பொதியைப் புதுப்பிப்பதால் அவை மாறப்போவதில்லை. எனவே சாவிகளைப் புதிதாக உருவாக்க நேர்ந்ததோடு, பலவீனமானவற்றை அடையாளங்கண்டு மறுக்கும் தடைப்பட்டியலையும் டெபியன் தனியொரு பொதியாகவே வெளியிட வேண்டியதாயிற்று.