வெக்கை நோயை வென்றவர்கள்

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. உழவுக்கும் வண்டிக்கும் பாலுக்கும் மாட்டையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நம் நாட்டில் மிகப் பல. அவர்களின் தொழுவங்களைப் பலமுறை வெறுமையாக்கிய கொடிய நோய் ஒன்று இருந்தது. அதுவே வெக்கை நோய்.

இந்நோய் வைரஸ் கிருமியால் உண்டாவது. கடுங்காய்ச்சல், வாய்ப்புண், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். நோயுற்ற மாடுகளுள் பல, இரண்டு வாரங்களுக்குள் இறந்துவிடும். நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆகவே, வருமுன் காப்பதே வழியாக இருந்தது.

கால்நடை நோய்களை ஆராய 1889ஆம் ஆண்டு புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. 1893இல் அஃது இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேஷ்வருக்கு மாற்றப்பட்டது. ஊர்களிலிருந்து விலகிய குளிர்ந்த மலையிடம் கிருமி ஆய்வுக்கு ஏற்றதாக இருந்தது. அங்குப் பணியாற்றிய எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர், வெக்கை நோய்க் கிருமியை வெள்ளாடுகளின் உடலில் அடுத்தடுத்துச் செலுத்தி, மாடுகளுக்கு அது விளைக்கும் தீங்கைக் குறைத்தார். அதிலிருந்து தடுப்பூசி மருந்து பிறந்தது.

விடுதலைக்குப்பின், 1954இல் வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பெற்றது. அரசு கால்நடை மருத்துவர்களும் உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டனர். வெப்பம் பட்டால் மருந்து பயனற்றுப் போகும். ஆதலால் அதனைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. எங்கேனும் நோய் கண்டால், நோயுற்ற மாடுகளைப் பிரித்து வைத்தனர். மாடுகள் ஊர்விட்டு ஊர் செல்வதைத் தடுத்தனர். சுற்றியுள்ள ஊர்களின் மாடுகளுக்கும் ஊசி போட்டனர்.

நோய் குறைந்தபின் புதியதொரு சிக்கல் எழுந்தது. நோயிலிருந்து பிழைத்த மாட்டின் குருதியிலும், ஊசி போடப்பட்ட மாட்டின் குருதியிலும் ஒரே வகையான எதிர்ப்புப் பொருளே காணப்படும். அவ்வாறாயின், கிருமி இன்னும் மறைந்துள்ளதா என எவ்வாறு அறிவது? தடுப்பூசியை நிறுத்திப் பார்ப்பதே வழி. ஆனால், கிருமி எங்கேனும் எஞ்சியிருந்தால், காப்பற்ற மாடுகள் கூட்டமாக மடியும். எனவே, தடுப்பூசியைப் படிப்படியாக நிறுத்திய மருத்துவர்கள், ஓய்ந்திருக்கவில்லை. சந்தைகளிலும் ஊர்களிலும் உழவர்களிடம் வினவினர். ஐயத்திற்குரிய மாடுகளைச் சோதித்தனர். குருதி மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்பினர்.

1995ஆம் ஆண்டிற்குப்பின் இந்தியாவில் வெக்கை நோய் காணப்படவில்லை. 2006இல் இந்தியா இந்நோயற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே இந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.

கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர்கள் இன்று வெக்கை நோயைப் பாடநூலில் மட்டுமே காண்கின்றனர். எனினும், கோமாரி முதலிய நோய்கள் இன்னும் ஒழியவில்லை. அவற்றை ஒழிக்கும் பொறுப்பு இனி வரும் மருத்துவர்களுடையது. நாளை அவர்களுள் ஒருவராக நீங்களும் இருக்கலாம்.