தாயும் மகளும்

ஸ்திரீகளின் முன்னேற்றத்தைக் குறித்து மேடையேறிப் பேசாத அரசியல்வாதி நம் நாட்டில் இல்லை. ஆயினும், பத்து வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாண்டியாடிய தம் மகள் பன்னிரண்டாம் வயதில் ஏன் தெருவாசற்படிக்கும் வருவதில்லை என்று அவர்களிற் பெரும்பாலோர் விசாரிப்பதில்லை. "அதெல்லாம் அவள் தாயார் பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைக் கையிலெடுக்கின்றனர். இதனை வாசிப்போரிலும் அத்தகையோர் உண்டென்பதை நாம் அறிவோம்.

தாயார் பார்த்துக்கொள்ளுகிறாள் என்பது மெய்தான். எவ்வாறு பார்த்துக்கொள்ளுகிறாள்? பெண் பருவமடைந்தவுடன் தாய்மாமன் ஓலை கொண்டுவந்து குச்சுக் கட்டுகிறான். தனித் தட்டு, தனிப் பாய். மஞ்சள் நீராட்டுகிறார்கள்; உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறார்கள். வளரும் உடம்புக்கு வலுவூட்டும் அவ்வுணவை நாம் குறை கூறோம். அம்முறையில் அறிவுக்குப் பொருத்தமான பகுதி அதுவே. ஆனால் தன் தேகத்தில் நிகழ்ந்தது யாது, அது நோயா, குற்றமா என்று நடுங்கும் குழந்தைக்கு ஒரு வார்த்தை விளக்கஞ் சொல்வார் எவருமில்லை. "உரக்கச் சிரிக்காதே, காலை நீட்டி உட்காராதே, கொல்லைப்புறமாய்ப் போ" என்பவையே அவள் தாயிடமிருந்து பெறும் உபதேசம். அத்தாயும் தன் தாயிடம் இவற்றையே கேட்டு வளர்ந்தவள். அறியாததை அவள் எங்ஙனம் கற்பிப்பாள்? இதற்காகத் தாய்மாரை மட்டும் நிந்திப்போர் அநியாயம் செய்கின்றனர்.

1886-ம் ஆண்டில் பிறந்த இரு பெண்மணிகளை இங்கு நினைக்கலாம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பருவமடைந்ததும் பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். மகளுக்கு விரைவில் மணமுடிக்க வேண்டுமென்பது தாயாரின் கவலை. தந்தையார் நாராயணசாமி ஐயர் வீட்டிலேயே பாடஞ் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணே 1912-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறி டாக்டரானார்; 1927-ல் சென்னைச் சட்டசபையின் உபதலைவராயினார். தாயாரின் கவலை தீய எண்ணத்தினால் எழுந்ததன்று. மணமாகாத பெண்ணை அக்காலத்து ஊர் என்ன பேசும் என்பதை அவர் அறிந்திருந்தார். மற்றவர் சகோதரி சுப்புலட்சுமி. பதினோரு வயதில் விவாகமாகி, விரைவிலேயே கைம்மையுற்றவர். பெற்றோர் அவரை மூலையில் உட்கார்த்தவில்லை, படிக்க வைத்தனர். 1911-ல் அவர் பிரஸிடென்ஸி கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் பால விதவைகளுக்கென்று அவர் விடுதி நடத்தியபோது, தாமும் விதவையான சிற்றன்னை உடனிருந்து துணை புரிந்தார். வீட்டிலுள்ள மூத்த பெண்டிர் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் தேசபக்தர்கள் இவ்விஷயத்தில் எப்பொழுதும் நேர்வழியில் நின்றனர் என்று சொல்லுதற்கில்லை. 1891-ல் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்தை லோகமான்ய திலகரே எதிர்த்தார். அந்நிய சர்க்கார் நம் இல்லறத்தில் தலையிடலாகாது என்றார். அவரிடம் நமக்குள்ள பக்தி இதனாற் குறையாது. ஆயினும், அந்நியன் போகும்வரை பன்னிரண்டு வயதுக் குழந்தை காத்திருக்க வேண்டுமென்று கூறுவது தர்மமாகாது. நம் ஜி. சுப்பிரமணிய ஐயரோ, பம்பாய்க் காங்கிரஸ் கூடிய 1889-ல், இளம் விதவையான தம் மகளுக்கு மறுமணஞ் செய்வித்து ஊராரின் பகையை ஏற்றுக்கொண்டார். பேச்சும் செயலும் அவரிடத்தில் வேறல்ல.

1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக்கிற்று. 1978-ல் அது பதினெட்டாயிற்று. அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இருபது முதல் இருபத்துநான்கு வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 23 பேர் பதினெட்டு நிரம்புமுன்னரே மணமானவர்கள். பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. சடங்கன்று உளுந்தங்களி கொடுத்த தாய், அதன் பிறகு மகனுக்கு முட்டையும் மகளுக்கு மிஞ்சிய குழம்பும் இடுகிறாள் எனில், அக்கணக்கில் வியப்பென்ன? அப்பந்தியில் முதலில் உட்கார்ந்து உண்டு எழுபவர் தகப்பனாரன்றோ!

ஆதலின் நம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்ணுக்குப் பத்து வயது நிரம்பும்போதே, வரப்போகும் மாறுதலை அவளுக்குச் சொல்லிவைக்கும்படி மனைவியிடம் கூறுங்கள். சொல்லும் வகை தெரியாதெனில், ஊரிலுள்ள செவிலியரை அழைத்து இருவரையும் கேட்கச் செய்யுங்கள். மாதத்தில் மூன்று நாட்கள் பள்ளிக்குப் போக மகள் மறுக்கிறாளா? பள்ளியின் கழிப்பிடத்தில் தண்ணீரும் கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டா என்று விசாரியுங்கள். 2009-ம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி பள்ளி நிர்வாகக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். குழுவிற் பாதிப்பேர் பெண்கள். அக்குழுவில் தாய் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச எழுந்தால், பக்கத்திலிருக்கும் ஆடவர் நகைக்காதிருக்கட்டும். அவள் கூசி எழாவிடின், தகப்பனார் எழுந்து கேட்கட்டும்.