பாதுகாக்கப்பட்ட பசி

அமெரிக்காவின் கொலம்பியா நதியில் ஒரு சட்டம் காப்பாற்றிய கடல் சிங்கங்கள், இன்னொரு சட்டம் காப்பாற்றத் துடிக்கும் மீன்களைத் தின்று தீர்க்கின்றன. யாரைக் காப்பது, யாரைக் கொல்வது?

வசந்தம் வந்தால் போதும், பானவில் அணையின் அடிவாரத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். பசிபிக் கடலிலிருந்து சுமார் 235 கி.மீ. உள்ளே, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் எல்லையில் நிற்கிறது அந்த அணை. அங்கே நுரைத்துப் பாயும் தண்ணீரில் கறுத்த தலை ஒன்று மேலே வரும், வாயில் வெள்ளியாய் மின்னும் சால்மன் மீனுடன். இரண்டு உதறல், நாலு விழுங்கல். தலை மறுபடி முங்கிவிடும். கரையிலிருந்து அரசு ஊழியர்கள் பட்டாசு வெடிக்கிறார்கள், ரப்பர் குண்டு சுடுகிறார்கள். கடல் சிங்கங்கள் சற்று விலகுகின்றன. சத்தம் அடங்கியதும் பந்திக்குத் திரும்பிவிடுகின்றன.

சுட்டுத் தள்ள முடியாதா? அதுதான் வழக்கு. கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தை 1972இல் அமெரிக்கா கொண்டுவந்தது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை தோலுக்கும் எண்ணெய்க்கும் வேட்டையாடப்பட்டு, மீனவர்களின் துப்பாக்கிக்கும் இரையான கலிபோர்னியா கடல் சிங்கங்கள் 1975இல் 90,000க்கும் குறைவு. 2012இல் மூன்று லட்சத்தைத் தாண்டின. சட்டம் என்றால் இப்படி வேலை செய்ய வேண்டும் என்று பெருமைப்படலாம். ஆனால் அதே காலத்தில் சால்மன்களின் கதை தலைகீழ். கொலம்பியா நதிப் படுகையில் மட்டும் சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களின் 13 கூட்டங்கள் அழிவின் விளிம்பில் உள்ளவையாகவோ ஆபத்தில் உள்ளவையாகவோ இன்னொரு சட்டத்தின் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

சால்மன் பிறப்பது மலை ஓடையில், வளர்வது கடலில். முட்டையிட மீண்டும் பிறந்த ஓடைக்கே எதிர்நீச்சல் போட்டுத் திரும்பும். நம் ஊர் ஹில்சாவுக்கு ஃபராக்கா தடுப்பணை என்ன செய்ததோ, அதைத்தான் அமெரிக்க அணைகள் சால்மனுக்குச் செய்தன. பானவில்லில் மீன்கள் ஏறிச் செல்லப் படிப்படியாக 'மீன் ஏணி' கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஏணியின் வாசல் எங்கே என்று தேடி மீன்கள் அணையடியில் தயங்கித் திரிகின்றன. அந்தத் தயக்கம்தான் கடல் சிங்கத்தின் சாப்பாட்டு நேரம். நதி அணையில்லாமல் ஓடியிருந்தால் 350 கிலோ மிருகத்துக்கு இவ்வளவு சுலபமான விருந்து கிடைத்திருக்காது. அணைக் கணக்கை யாரும் கடல் சிங்கத்தின் தலையில் எழுத முடியாது.

இந்த நாடகத்தின் முதல் காட்சி வேறு ஊரில் அரங்கேறியது. சியாட்டில் நகரின் பாலர்டு மடைக் கதவுகளில் 1980களில் சில கடல் சிங்கங்கள் வந்து உட்கார்ந்தன. மக்கள் அவற்றுக்கு 'ஹெர்ஷல்' என்று பெயர் வைத்துக் கொஞ்சினார்கள். ஹெர்ஷல்களோ ஸ்டீல்ஹெட் மீன்களைக் கொஞ்சவில்லை. பட்டாசு, ரப்பர் அம்பு, நீருக்கடியில் காதைப் பிளக்கும் ஒலி, வாந்தி வரவழைக்கும் மருந்து தடவிய மீன் என்று எல்லாம் தோற்றன. 1990இல் சிலவற்றைப் பிடித்து தெற்கு கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சில வாரங்களில் நீந்தித் திரும்பிவிட்டன. கண்ணாடியிழையில் செய்த கொலைத் திமிங்கலப் பொம்மையும் ஒருமுறை மிதந்தது. கடைசியில், 1996இல் மூன்று பெரிய ஆண் சிங்கங்கள் ஃபுளோரிடாவின் கடல் விலங்குப் பூங்காவுக்கு விமானம் ஏறின. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆண்டுக்கு 2,000க்கு மேல் வந்துகொண்டிருந்த ஸ்டீல்ஹெட் 1994இல் நூறுக்கும் கீழே போயிருந்தது. அந்தக் கூட்டம் பிறகு தலையெடுக்கவே இல்லை.

பொம்மைத் திமிங்கல ஆசை மட்டும் விடவில்லை. கொலம்பியா நதி முகத்துவாரத்தில் உள்ள அஸ்டோரியா துறைமுகத்தில் 2015 வசந்தத்தில் 2,000க்கும் மேற்பட்ட கடல் சிங்கங்கள் படகுத் துறையை ஆக்கிரமித்தன. மோட்டார் வைத்த பொய்த் திமிங்கலம் ஒன்றை அனுப்பினார்கள். அது வயிறு மேலே தெரியக் கவிழ்ந்தது.

பாலர்டு அனுபவத்தின் விளைவாக 1994இல் சட்டம் திருத்தப்பட்டது. அடையாளம் தெரிந்த, மீன் தின்பதாக நிரூபணமான விலங்கை மட்டும் மாநில அரசுகள் அனுமதி பெற்றுக் கொல்லலாம். அதாவது, பானவில்லில் ஒவ்வொரு கடல் சிங்கத்தின் தோலிலும் எண்ணைச் சூட்டுக்கோலால் பொறித்து, அது எத்தனை நாள் வந்தது, என்ன தின்றது, விரட்டியும் நின்றதா என்று குற்றப்பத்திரிகை எழுத வேண்டும். 'சி404' என்ற ஒருவன் மீன் ஏணிக்குள்ளேயே புகுந்து புகழ்பெற்றான். அதன் பிறகு ஏணி வாசல்களில் மீன் நுழையும், கடல் சிங்கம் நுழையாத கம்பிக் கதவுகள் வந்தன.

2008இல் கொல்ல அனுமதி கிடைத்தது. விலங்கு நல அமைப்பான ஹியூமேன் சொசைட்டி நீதிமன்றத்துக்குப் போனது. 2010 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்ட கேள்வி கூர்மையானது: கடல் சிங்கங்கள் தின்னும் சில சதவீதம் பெரும் பாதிப்பு என்றால், மீனவர்கள் 17 சதவீதம்வரை பிடிக்கலாம் என்று அனுமதித்தது எப்படிச் சின்ன பாதிப்பு ஆகும்? அனுமதி ரத்தானது. காரணங்களை விளக்கி எழுதிய புதிய அனுமதி பின்னர் வந்தது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் அணையடியில் மட்டும் இல்லை. பானவில்லில் கண்ணால் எண்ணிய கணக்குப்படி, வரும் மீனில் ஓரிரு சதவீதத்திலிருந்து 6 சதவீதம்வரை கடல் சிங்கங்களின் வயிற்றுக்குப் போகிறது. முகத்துவாரத்திலிருந்து அணை வரையிலான நீண்ட தூரத்தில் இழப்பு இதைவிடப் பல மடங்கு என்று அரசு விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள். கூட்டம் சிறுத்துவிட்டால் சில டஜன் சிங்கங்களே முடித்துவிடும் என்பதற்கு வில்லமெட் அருவி சாட்சி. 2017இல் அங்கே குளிர்கால ஸ்டீல்ஹெட் 512 மட்டுமே கடந்தன. அவற்றைத் தின்ற பத்து சிங்கங்களை ஓரிகன் அதிகாரிகள் கடற்கரைக்கு ஓட்டிச்சென்று விட்டார்கள். சில நாட்களில் எல்லாம் திரும்பி வந்தன. 2018 நவம்பரில் கொல்ல அனுமதி கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் 33 விலங்குகள் அகற்றப்பட்டன. அதன்பின் மீன் எண்ணிக்கை ஆயிரங்களுக்குத் திரும்பியது.

அதே டிசம்பரில் நாடாளுமன்றம் விதிகளைத் தளர்த்தியது. நதியின் குறிப்பிட்ட பகுதிக்குள் வந்த கடல் சிங்கம் எதுவானாலும் குற்றவாளிதான், தனித்தனிக் குற்றப்பத்திரிகை தேவையில்லை. 2020இல் மூன்று மாநிலங்களுக்கும் பழங்குடி அமைப்புகளுக்கும் கிடைத்த ஐந்தாண்டு அனுமதியின் வரம்பு: 540 கலிபோர்னியா கடல் சிங்கங்கள், 176 ஸ்டெல்லர் கடல் சிங்கங்கள். பொறியில் பிடித்து, மயக்கி, ஊசி போட்டுக் கொல்கிறார்கள். நதிக்குள் வருபவை பெரும்பாலும் ஆண்கள் என்பதால் இனப்பெருக்கத்துக்குப் பெரிய சேதமில்லை என்பது அதிகாரிகளின் வாதம்.

பழங்குடிகள் இந்த அனுமதியைக் கேட்டு வாங்கியதில் ஒரு வரலாறு இருக்கிறது. யாகமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்கள் 1855 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தார்கள், மீன்பிடி உரிமையை வைத்துக்கொண்டார்கள். காலம் காலமாக அவர்கள் மீன் பிடித்த செலிலோ அருவி 1957இல் டாலஸ் அணையின் நீரில் மூழ்கியது. மீனே இல்லாத நதியில் மீன்பிடி உரிமை வெறும் காகிதம்.

இதில் நேரம் முக்கியம். அணையடி விருந்து பற்றிய 'செய்தி' ஒரு சிங்கத்திடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுநோய்போலப் பரவுகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. முதலில் வந்த சிலவற்றை உடனே அகற்றியிருந்தால், பின்னால் அகற்ற வேண்டியவை மிகக் குறைந்திருக்கும். வழக்கும் விசாரணையுமாக ஆண்டுகள் ஓடியதில் யாருக்கு லாபம் என்பது சங்கடமான கேள்வி.

துப்பாக்கி எப்போதும் விடையல்ல என்பதற்கும் அதே முகத்துவாரத்தில் உதாரணம் உண்டு. ஈஸ்ட் சாண்ட் தீவில் சால்மன் குஞ்சுகளைத் தின்ற நீர்க்காகங்களில் ஐயாயிரத்துக்கு மேல் 2015 முதல் சுடப்பட்டன. மிஞ்சியவற்றில் பல தீவை விட்டுக் கிளம்பி, நதியில் இன்னும் மேலே உள்ள அஸ்டோரியா பாலத்தில் கூடு கட்டின. அங்கே அவற்றின் இரையில் சால்மன் குஞ்சுகளின் பங்கு அதிகம்.

மீன் கேட்பவர் பட்டியலில் பாதுகாக்கப்பட்ட இன்னொரு வேட்டையாடியும் இருக்கிறது. ஷினூக் சால்மனை நம்பி வாழும் தெற்குக் கொலைத் திமிங்கலக் கூட்டத்தில் எஞ்சியவை எழுபதைச் சற்றே தாண்டும். இறந்த குட்டியைத் தாய் ஒன்று 17 நாட்கள் சுமந்து நீந்தியதை 2018இல் உலகமே பார்த்தது.

ஸ்னேக் நதியின் கீழ்ப்பகுதியில் உள்ள நான்கு அணைகளை உடைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுகிறது. 2023 டிசம்பரில் நான்கு பழங்குடி அமைப்புகளோடும் இரு மாநிலங்களோடும் பைடன் அரசு ஓர் ஒப்பந்தம் செய்தது. அணை உடைப்பு அதில் இல்லை, அதற்கான மாற்று மின்சார ஏற்பாடுகளும் ஆய்வுகளும் இருந்தன. 2025 ஜூனில் டிரம்ப் அதை ரத்து செய்தார். இடாஹோ மலை ஓடைக்குத் திரும்பும் சால்மன் இன்றும் எட்டு அணைகளை ஏறித் தாண்ட வேண்டும். அவற்றில் முதலாவது பானவில்.