தீப்பெட்டி ஊரில் பற்றிக்கொள்ளும் பழக்கம்: தெரியுமா?

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி தீப்பெட்டி 14 வருஷம் ஒரே ரூபாய்க்கு விற்று, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது, தெரியுமா? லைட்டர் வந்து தொழிலைக் கெடுக்கிறதென்று தீப்பெட்டிக்காரர்கள் மன்றாடியதில், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கே தடை வந்தது! குச்சி ஜெயித்தது, பீடிக்கு எது நெருப்பு கொடுத்தால் என்ன?

“பீடி இலைதானே, காகிதமா?” என்று இழுப்பவரா நீங்கள்? அந்த இலை சட்டென்று அணையும். அணையாமலிருக்க அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டும். நஞ்சும் அந்த அளவுக்கு உள்ளே போகும்.

இழுத்த நிக்கோடின் 10, 20 விநாடிக்குள் மூளையில்! ஆனால் சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதி காலி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒன்றை அணைத்துவிட்டு மதுரை வண்டி ஏறியவர், மாட்டுத்தாவணியில் இறங்கியதும் பையை வைக்கக்கூட நேரமில்லாமல் பெட்டிக்கடையைத் தேடுகிறாரே, அது அலுப்புத் தீர என்றா நினைத்தீர்கள்? வண்டியில் வரும்போதே மூளை கேட்க ஆரம்பித்துவிட்டது!

புகையே வராத புகையிலையைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டால் வாத்தியாருக்குக்கூடத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளிடம் ‘கூல் லிப்’ என்ற இவ்வகைப் புகையிலை புழங்குவதைக் கண்டு 2024-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே கவலைப்பட்டது. குட்காவுக்கு இங்கே 2013-லேயே தடை!

ஹெராயின் ஒரு காலத்தில் இருமல் மருந்து, தெரியுமா? 1898-ல் பேயர் கம்பெனி விற்றது! இன்றைக்கு வலி மாத்திரையான டேபென்டடாலைப் போதைக்காகக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் பையன்கள். விழுங்கவேண்டியதை நரம்பில் ஏற்றினால் ரத்தக்குழாய் அடைக்கும், மூச்சு நிற்கும். மருந்துச் சீட்டு கேட்காமல் இதைக் கொடுக்கிற கடைக்காரரை நான் வியாபாரி என்று சொல்லமாட்டேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்டது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கண் நரம்பு கருகிப்போகிறது. இதற்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் முறிமருந்துகளில் ஒன்று எது தெரியுமா? எத்தனால், அதாவது சாதாரண மதுவில் இருக்கும் அதே சாராயம்! கல்லீரல் அதில் மும்முரமாகிவிட, மெத்தனால் நஞ்சாக மாறாமலே வெளியேறும். டாக்டர் அளந்து கொடுக்கவேண்டிய வைத்தியம் இது. வீட்டில் செய்து பார்க்கிற காரியமில்லை.

கடைசியாக ஒன்று, பலருக்கும் தெரியாதது. நாள்தோறும் மூக்குமுட்டக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்! வீட்டில் பூட்டி வைத்துக் குடியை மறக்கடிக்கப் பார்க்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பீடியை விட்டவருக்கோ 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்புக்கு இறங்குகிறது, ஒரே வருஷத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது! புகையிலையை விட 1800-11-2356, மற்ற போதைக்கு 14446. இரண்டும் இலவசம், குறித்துக்கொள்ளுங்கள்.